உரைகாரர் வழியும் ஆங்கில நூற்பயிற்சியும்

கொழும்பு மாநகரில் வளரும் தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் முற்றிலும் அந்நிய மொழியன்று. வெள்ளவத்தையிற் காலி வீதிக் கடைகளில் அது நாள்தோறும் காதில் விழுகின்றது. கொட்டாஞ்சேனையிலோ தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஆயினும், அம்மாணவர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று, தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலத் தொடங்கி, ஆங்கிலத்தில் அமைந்த ஆராய்ச்சி நூலொன்றைக் கையிலெடுத்ததும் திகைத்து நிற்பதுண்டு. பேச வந்த மொழி படிக்க வராதது ஏன்?

தமிழ் பயில்வோருக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்போரும் உளர். கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஆங்கிலத்தில் உள்ளது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியின் விளக்கங்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் செய்த ஆய்வு, 1968இல் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலாக வெளிவந்ததும் அம்மொழியிலேயே. இவற்றைப் படிக்க இயலாதவர், தம் மொழியைப் பற்றிய வழக்கு நடக்கும் மன்றத்தில் வாதம் விளங்காமல் வாளா அமர்ந்திருப்பவரை ஒப்பர்.

இந்நிலை தோன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது போதனை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. 1960இல் கலைப்பீடத்திற் சுயமொழிப் போதனை தொடங்கிற்று. நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவு அகலத் திறந்தது. அது பெரும் நன்மையே. ஆனால் அன்றுமுதல் ஆங்கிலம் பாடத்தோடு ஒட்டாத தனிப்பாடமாயிற்று. சிங்கள மாணவர் அதற்குக் ‘கடுவ’, அதாவது வாள் என்றே பெயரிட்டனர். தெரிந்தவர் கையிலிருந்து, தெரியாதவரை வெட்டுவது என்பது அதன் கருத்து.

அவ்வாளுக்கு அஞ்சும் மாணவர், தமக்கு இலக்கணமும் சொல்வளமும் போதா என்றே எண்ணுகின்றனர். அவையும் வேண்டுவனவே. ஆனால் ஆராய்ச்சி நூலின் கடினம் பெரும்பாலும் சொல்லில் இல்லை. வாதத்தின் போக்கில் இருக்கின்றது. ‘ஹவெவர்’ என வரும் இடத்தில் வாதம் திரும்புகின்றது. ‘தெயர்ஃபோர்’ என வரும் இடத்தில் முடிவு பிறக்கின்றது. ‘ஆல்தோ’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றொன்றை வலியுறுத்தப் போகின்றது. கடைத்தெருப் பேச்சில் இத்தகைய நீண்ட வாதங்களுக்கு இடமில்லை. ஆகவே பேச்சுப் பழக்கம் மட்டும் இங்கே கைகொடுப்பதில்லை.

வாதத்தைத் தொடரும் பயிற்சியோ தமிழ் மாணவருக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதங்களைக் கூறுகின்றார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றங் காட்டுதல், பிறர் மதத்தோடு சேராது தன் மதமே கொள்ளுதல் என்பன அவை. ஆங்கில ஆராய்ச்சியாளர் செய்வதும் இதுவே.

ஓர் உதாரணம் காண்போம். சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் எழுந்தவை என்பது கைலாசபதியின் கொள்கை. எழுத்தறிந்த புலவர்கள், பாணர் முதலியோரின் வாய்மொழிப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு இயற்றியவை அவை என்பது அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலின் கருத்து. இவ்விரண்டையும் படிக்கும் மாணவர், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எழுவகையுள் எவ்வகை என்று தமிழிற் குறித்து வைக்கலாம். அவ்வாறு குறித்தால் நூலின் எலும்புக்கூடு கண்முன் தோன்றும்.

படிக்கும் முறையும் ஒன்று உண்டு. முதலில் முன்னுரையையும் முடிவுரையையும் படித்து நூலாசிரியரின் துணிபை அறிதல் வேண்டும். அடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தைப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே முழுமையாகப் படித்தல் நன்று. அறியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டினால் வாதத்தின் இழை அறுந்துவிடும். பலமுறை வரும் சொல்லையும், வாதம் தங்கியுள்ள சொல்லையும் மட்டும் தேடுதல் போதும். இறுதியாக நூலை மூடிவைத்து, படித்ததன் சாரத்தைப் பக்க எண்ணுடன் சொந்த நடையில் எழுதுதல் வேண்டும். நூலைப் பார்த்தெழுதுவோர் சொற்களையே பெறுகின்றனர். மூடிவைத்து எழுதுவோர் பொருளைப் பெறுகின்றனர்.

எழுதும் கலைக்கும் நன்னூலே வழிகாட்டுகின்றது. உரையின் உறுப்புகளாக அது கூறும் பதினான்கனுள் கருத்து, உதாரணம், வினா, விடை, துணிவு, ஆசிரிய வசனம் என்பனவும் உள. ஆங்கிலக் கட்டுரையின் நல்ல பத்தி இவற்றாலேயே அமைகின்றது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஒரு சான்று, எழக்கூடிய தடைக்கு ஒரு விடை, பின்னர்த் துணிவு. பிறர் மொழியை எடுத்தாளும்போது அவர் பெயரையும் நூலையும் குறிப்பதே ஆசிரிய வசனம். குறியாது விடுவது களவாகும். சான்று முழுமையாக இல்லாதவிடத்து ஆங்கிலேயர் ‘மே’ என்றும் ‘சீம்ஸ்’ என்றும் அடக்கமாக எழுதுவர். நம் உரைகாரர் ‘போலும்’ என்றனர்.

கல்வியுலகில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் வழியாகப் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர்க் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை.

நாளொன்றுக்கு ஒரு பக்கம் இவ்வாறு படித்து, ஐந்து வரி எழுதி வருவோருக்கு, ஓராண்டு முடிவில் ஆங்கில நூல் அச்சந் தராது. நன்னூல் கற்ற மாணவர் வாள் ஏந்த வேண்டியதில்லை. தம் கையிலுள்ள எழுத்தாணியையே மற்றொரு மொழியில் ஓட்டப் பழகினாற் போதும்.