உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலுக்குள் ஆர்கான்

ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வீட்டு ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி போதாது. இரண்டு கண்ணாடிகளை விளிம்பில் அடைத்து, நடுவே பெரும்பாலும் 16 மி.மீ. இடைவெளி விடுகிறார்கள். அதற்குள் வெறும் காற்றும் இருக்கலாம், ஆர்கான் வாயுவும் இருக்கலாம். 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த ஆர்கான், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 0.93 சதவீதம் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. காற்று கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது கடத்தும். கிரிப்டான் இன்னும் கெட்டிக்காரன்தான், ஆனால் விலை எகிறிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணக் கண்ணாடிகளுக்கு இடையே கடக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் வாயு வழியாகப் போவதே இல்லை, கதிர்வீச்சாகத் தாவிவிடுகிறது. அதைத் தடுப்பது உட்பக்கம் பூசும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு. பூச்சு இருந்தால் வெப்ப இழப்பைக் காட்டும் யு-மதிப்பு, காற்றுக்குச் சுமார் 1.4, ஆர்கானுக்கு 1.1. பூச்சில்லாவிட்டால் 2.7, 2.6! பிறகு ஆர்கானுக்கு எதற்குக் காசு?

வாயு கசியாதா? மெல்லக் கசியும், ஐரோப்பியத் தரவிதி ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஈரம் படிந்து மங்கினால், விளிம்பு அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. துடைத்துப் பயனில்லை.