தாய்மொழித் திரையும் முதற்பார்வையாளரும்: பழங்குடி மொழித் திரைப்படங்களின் ஊர்த் திரையிடல்

முன்னுரை

எழுத்து வழக்கு இல்லாத பழங்குடி மொழிகளுக்குத் திரைப்படம் ஓர் ஒலி ஆவணமாகிறது. ஆயினும் அத்தகைய படங்களை விழா அரங்குகளில் காண்போர் பெரும்பாலும் அம்மொழி அறியாதவரே. அம்மொழி பேசுவோரிடையே திரையிடுதல் எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும், பழனி மலையடிவாரத்து ஆயக்குடிக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துணைத்தலைப்பு இல்லாத வடிவம்

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளிலேயே உரையாடல் முழுதும் அமைந்த முதல் முழுநீளக் கதைப்படம் ‘டென் கனோஸ்’ (2006). ரோல்ஃப் டி ஹீரும் ரமிங்கினிங் ஊரைச் சார்ந்த பீட்டர் ஜிகிரும் இதனை இயக்கினர். மானிடவியலாளர் டொனால்ட் தாம்சன் 1930களில் எடுத்த நிழற்படங்களே இதற்கு வித்து. அப்படங்களில் இருந்தோரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோருக்குரிய பாத்திரங்களைத் தாமே ஏற்றனர். இப்படம் மூன்று வடிவங்களில் உருவாயிற்று. அவற்றுள் ஒன்றில் கதைசொல்லியின் குரலும் அவர்தம் மொழியிலேயே ஒலிக்கும், துணைத்தலைப்பு இராது. அங்கே விளக்கம் வேண்டி நிற்பவர் அயலாரே.

ஊரார் தம் மொழிப்படத்தைக் காணுங்கால் கதையை மட்டும் காண்பதில்லை. உறவுமுறைச் சொல் சரிதானா, இச்சடங்கைப் பிறர்க்குக் காட்டலாமா, மறைந்தவர் உருவத்தைக் காட்ட இசைவு உண்டா எனவும் ஆராய்வர். ஆகவே ஊர்த் திரையிடல் ஒருவகை மெய்ப்புத் திருத்தமாகும்.

இருளர் மொழிச் சான்று

அட்டப்பாடிப் பழங்குடியினரையே நடிகராகக் கொண்டு, பிரியநந்தனன் இயக்கிய இருளமொழிப் படம் ‘தபாரி குருவி’. இது 2022இல் கோவாவில் நடைபெற்ற இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்றது. தந்தை அறியப்படாத பறவை பற்றிய பழங்குடித் தொன்மமே அதன் பெயருக்கு அடிப்படை. இருளமொழியைத் தமிழோடு நெருங்கிய, ஆயினும் தனித்த தென்திராவிட மொழியாகக் கமில் சுவலபில் விளக்கினார். அதற்குள்ளும் வட்டார வேறுபாடுகள் உண்டு. எனவே இப்படத்தை நீலகிரி இருளர் கேட்பதும் அட்டப்பாடி இருளர் கேட்பதும் ஒன்றாகா.

பழனி மலைச்சூழல்

பழனி மலையில் வாழும் பளியரின் பேச்சு தமிழின் கிளைவழக்கா, தனிமொழியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயக்குடியில் பளியர் மொழிப்படம் ஒன்று திரையிடப்பெறின், தமிழ் பேசுவோர்க்கு அது பாதி விளங்கும். இடர் தோன்றுவது அங்குதான். முற்றிலும் விளங்காத மொழியை அயல்மொழி என மதிப்போர், பாதி விளங்கும் மொழியைக் கொச்சைத் தமிழ் என ஒதுக்கிவிடுவர். தமக்குத் தெரிந்த சொல்லின் பொருளையே அங்கும் ஏற்றிக்கொள்வர். ஆகவே பொருள் தெளிவாக விளங்குவதுபோல் தோன்றும் இடங்களிலும் தமிழ்த் துணைத்தலைப்பு வேண்டும். அதன் சொற்பொருளைப் பளியரே சரிபார்த்தல் வேண்டும்.

நிறைவுரை

பழங்குடி மொழிப்படம் முதலில் அம்மொழியினரின் குடியிருப்பிலும், அவர்தம் திருத்தமும் இசைவும் பெற்றபின் அடிவார ஊரிலும் திரையிடப்பெறுதலே தகும். அவ்வரிசை மாறின், அம்மக்கள் தம் மொழிக்கே சான்றுப்பொருளாக நிற்பர். வரிசை காக்கப்பெறின், அதன் நடுவராக நிற்பர்.