விளக்கணைப்பு விரதம்

வருஷந்தோறும், பெரும்பாலும் மார்ச்சு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இரவு எட்டரை மணிக்கு விளக்குகளை அணைத்து ஒன்பதரை மணி வரையில் இருளில் இருக்குமாறு உலகத்து ஜனங்களுக்கு ஓர் அழைப்பு விடுக்கப்படுகின்றது. 2007ஆம் வருஷம் மார்ச்சு 31ஆம் தேதி ஆஸ்திரேலியாவிலுள்ள ஸிட்னி நகரில் தொடங்கிய இவ்வழக்கத்திற்கு ‘பூமி நேரம்’ என்று பெயர். 2009ஆம் வருஷம் முதல் நமது தேசத்திலும் இஃது அநுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. இதைப் போலவே, செப்டம்பர் 22ஆம் தேதியன்று மோட்டார் வண்டியைத் தொடாமல் இருப்பது என்றொரு விரதமும் உண்டு. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதால் உண்டாகும் கரியமில வாயு ஆகாயத்தை நிரப்பிப் பூமியைச் சுடச் செய்கின்றது என்பதை ஜனங்களுக்கு நினைவூட்டுவதே இவ்விரண்டின் நோக்கம்.

இதைக் கேட்டு நகைப்போர் ஒரு சாரார். ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துப் படம் பிடித்துக்கொண்டு, தம் கடமை முடிந்ததென்று மகிழ்வோர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரோடும் நமக்கு உடன்பாடில்லை.

விரதம் என்றால் இன்னதென்று செஞ்சி நாட்டாருக்குப் பிறர் சொல்லித் தர வேண்டுவதில்லை. செஞ்சிக்கோட்டைக்கு வடக்கே சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுப்பித்த சிவன் கோயில் இருக்கின்றது. அவ்வூர்க் குன்றிலேயே சமண தீர்த்தங்கரரின் திருவுருவங்களும் இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரைச் செதுக்கிய பாறைக்கு அருகில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைப் பழைய எழுத்தில் கூறும் கல்வெட்டொன்றை இன்றும் காணலாம். அயலிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணருடைய மடம் நடைபெற்று வருகின்றது. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற நியமத்தை இப்பிரதேசத்து நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. விளக்கில்லாமலே இரவுக் காரியத்தை முடித்துக்கொள்ளும் வித்தை இங்கே பழையது!

ஆயின், உடையவனே துறக்க வல்லவன். இல்லாதவனுடைய இருட்டுக்கு விரதமென்று பெயரில்லை. 2012ஆம் வருஷத்தில் நம் மாகாணத்தின் வெளியூர்களிலே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நிறுத்தப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்பொழுது சென்னைப் பட்டணத்துக்கு விதிக்கப்பட்ட நேரம் இரண்டே மணி. வயலில் பம்பு ஓடவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினார்கள். அந்த நாட்களில் செஞ்சித் தாலூகாவின் குடியானவன் அநுஷ்டித்த ‘பூமி நேர’த்திற்கு உலகத்தார் எவரும் நன்றி கூறவில்லை. நமது தேசத்தில் 2023-24இல் தலைக்கு வந்த மின்சாரச் செலவு ஏறத்தாழ 1,400 யூனிட். அமெரிக்காவிலோ தலைக்கு 12,000 யூனிட்டுக்கும் மேல். துறக்க வேண்டியவர் யார் என்பதற்கு இக்கணக்கே விடை. நம் தேசத்துக்குள்ளேயும் இதே பேதம் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. ஒன்பது வாட் பல்பு ஒன்றை எரிக்கும் குடிசைக்கும், மூன்று அறைகளில் குளிர்சாதனம் ஓட்டும் மாளிகைக்கும் ஒரே உபதேசம் செய்வது நியாயமாகாது. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்று முழு வேகத்தில் ஓடுகையில், அத்தகைய பல்புகள் 150க்குக் குறையாமல் எரியக்கூடிய மின்சாரத்தை உண்டுவிடுகின்றது. கூடத்து விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தை மாத்திரம் நிறுத்தாத கனவான்களின் விரதம், ஏகாதசியன்று அன்னத்தை விட்டு அடையும் வடையும் உண்ணும் விரதத்தைச் சேர்ந்ததேயாம்.

இவ்வளவு சொன்னபின் நகைப்போர் கட்சியில் நாம் ஏன் சேரவில்லை என்று கேட்கலாம். 2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. டிசம்பர் முதல் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில், செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். ஒரு புயலைக் காட்டி இது இன்னாரால் வந்ததென்று சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் தெளிந்த முடிபு. தாங்கிய ஈரம் எங்கேனும் கொட்டித்தானே தீரவேண்டும்? அது கொட்டும்போது குளிர்சாதன மாளிகையையும் ஓலைக் குடிசையையும் ஒன்றாகத் தாக்குவதில்லை; குடிசைக்காரனே முன்னதாக அழிகிறான். ஆகவே இது நகைத்துத் தள்ளக்கூடிய விஷயமன்று.

மேலும், தேசத்து ஜனங்கள் ஒன்றுகூடி ஒரு காரியத்தைச் செய்தால் என்னவாகும் என்பதை 2020ஆம் வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி இரவு கண்டோம். கொரோனா நோய்க்காலத்தில், பிரதமரின் வேண்டுகோளுக்கிணங்க ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகள் அணைக்கப்பட்டன. அதன் காரணம் வேறு. ஆயினும் தேசத்தின் மின்சாரத் தேவை சுமார் 31,000 மெகாவாட் சட்டெனக் குறைந்தது. மின்வலை குலையாதிருக்க, நீர்மின் நிலையங்களைத் தாழ்த்தியும் உயர்த்தியும் இன்ஜினீயர்கள் சமாளித்தார்கள். அனல்மின் நிலையத்துக் கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட இயலாது. ஆதலால் ஒரு மணி நேர இருட்டினால் மிச்சப்படும் நிலக்கரி சொற்பமே. மிச்சத்தைக் கணக்கிட்டு இவ்விரதத்தைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே தவறுகின்றனர். இதன் பயன் ஜனங்களின் சங்கற்பத்தில் இருக்கின்றது. அந்தச் சங்கற்பத்தை அடுத்த நாள் எதற்கு உபயோகிக்கிறோம் என்பதே கேள்வி.

1919ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி மஹாத்மா ஹர்த்தாலுக்கு அழைத்தார், கடைகள் அடைக்கப்பட்டன. ஒரு நாள் கடையடைப்பினால் ரௌலட் சட்டம் மாண்டுவிடும் என்று அவர் எண்ணவில்லை. 1921 ஜூலை 31இல் பம்பாயில் அந்நியத் துணியைக் கொளுத்தியபோது, கொளுத்தியதோடு அவர் வீட்டுக்குப் போகவுமில்லை. ராட்டினம் இருந்தது, கதர் இருந்தது. எரித்த துணிக்கு ஈடாக உடுக்க வேறு துணி கொடுக்க முயன்றதனால் அவ்வியக்கம் நின்றது.

மோட்டாரை விடச் சொல்லுவோரை நாம் கேட்பதும் இதுவே. 1973 நவம்பர் 4ஆம் தேதி, எண்ணெய் நெருக்கடியின் காரணமாக, ஹாலந்து சர்க்கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரைத் தடுத்தனர். பின்வந்த வருஷங்களில் அந்நாட்டார் நகரந்தோறும் சைக்கிள் பாதை அமைத்துக்கொண்டனர். இன்று அங்கே மோட்டாரை விடுவது தியாகமாகத் தோன்றுவதில்லை. நம் மாகாணத்திலும் 2022இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் புதன்கிழமைதோறும் தங்கள் ஊழியர் சொந்த வாகனத்தை விட்டு வரவேண்டுமென்று ஏற்பாடு செய்தனர், நல்ல காரியம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லையென்று செய்ததோ அதனினும் பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் செஞ்சிக்காரன் எதில் ஏறுவான்? திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை 2006-07ஆம் வருஷத்திலேயே அங்கீகாரம் பெற்றது. அந்த ரயில் இன்னும் ஓடவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ராஜகிரியைக் காண வரும் யாத்திரிகரும், நெல்லையும் மணிலாக்கொட்டையையும் விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவரும் குடியானவரும், பௌர்ணமிதோறும் அண்ணாமலைக்குச் செல்லும் லட்சக்கணக்கான ஜனங்களும் பெட்ரோலையும் டீஸலையும் எரித்துக்கொண்டே போகவேண்டியிருக்கின்றது. பாதை போடாத சர்க்காரார், மோட்டாரை ஒரு நாள் விடுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லுவது எங்ஙனம் பொருந்தும்?

அடுத்த பூமி நேரத்தன்று செஞ்சியிலும் சீயமங்கலத்திலும் விளக்கணைக்க விரும்பும் தேசபக்தர்கள் தாராளமாக அணைக்கட்டும். அதற்கு முன் ஒரு மகஜர் தயாரித்துத் திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரயிலை இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டுமென்றும், கிராமத்து டவுன் பஸ்களை அதிகப்படுத்த வேண்டுமென்றும், பள்ளிக்கூடங்களின் மாடியிலே சூரிய மின்சாரப் பலகைகள் அமைக்க வேண்டுமென்றும் எழுதி, ஊரார் கையொப்பத்தை வாங்கிவிடுவார்களாக. எட்டரை மணிக்கு முன்பே வாங்கிவிடுவது நலம். இருட்டில் கையெழுத்துச் சரியாக விழாது.