வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியுமா?



கடலூரில் நடந்த நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சிதம்பரம் பக்கத்துக் குழு ஒன்று ஒரு கேள்வி கேட்டது. சத்துமாவு செய்து விற்கும் குழு அது. "ஆர்டர் கூடிப் போச்சு. லோன் போட்டு அரவை மிஷின் வாங்கலாமா, இல்ல மில்லுல குடுத்தே அரைச்சுக்கலாமா?" என்றார்கள். அதே கூட்டத்தில் பண்ருட்டி பக்கத்துச் சகோதரி ஒருவர், "வியாபாரிகிட்ட முந்திரி வாங்கி வீட்டுல உடைச்சுக் குடுக்கிறோம். கூலி கட்டுப்படியாகல" என்றார்.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை போலத் தெரியும். யோசித்துப் பார்த்தால் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்தான். முதல் குழு வேலையை வெளியே கொடுக்கிறது. இரண்டாவது குழு வெளியே வந்த வேலையை வாங்கிச் செய்கிறது. பெரிய கம்பெனிகளில் இதற்கு அவுட்சோர்சிங் என்று பெயர். நம்ம ஊரில் ஜாப் ஒர்க் என்போம்.

ஏன் வெளியே கொடுக்கிறார்கள்?

திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்வோம். துணி பின்னுவது ஓர் இடம், சாயம் போடுவது ஓர் இடம், தைப்பது இன்னோர் இடம். ஏற்றுமதி செய்பவர் எல்லா மிஷினையும் தானே வாங்க வேண்டியதில்லை. ஆர்டர் குறைந்த மாதத்தில் சும்மா நிற்கும் மிஷினுக்கு வட்டி கட்டவும் வேண்டாம். அந்தந்த வேலையில் கை தேர்ந்தவர்களே அதைச் செய்து கொடுப்பார்கள்.

ஆனால் 2011 ஜனவரியில் என்ன நடந்தது? நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் போடும் வேலையை வெளியே கொடுத்திருந்தவர்களும் சேர்ந்தே தவித்தார்கள். வாங்குகிறவருக்குப் பட்டறை யாருடையது என்பது கணக்கில்லை. சொன்ன தேதிக்குச் சரக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

நாம் கொடுக்கும்போது

இப்போது சத்துமாவுக்கு வருவோம். கணக்குக்காக, மில் கூலி கிலோவுக்கு 10 ரூபாய் என்று வைப்போம். மாதம் 100 கிலோ அரைத்தால் 1,000 ரூபாய். மிஷின் 48,000 ரூபாய், 24 மாதத் தவணை என்றால் அசல் மட்டுமே மாதம் 2,000 ரூபாய். வட்டியும் கரண்ட்டும் தனி. ஆகவே 100 கிலோவுக்கு மில்லே லாபம். ஆர்டர் 400 கிலோ ஆகி, அது நாலைந்து மாதம் குறையாமல் நின்றால், மில் கூலி 4,000 ஆகிவிடும். அப்போது மிஷின் பற்றித் தீர்மானம் போடலாம்.

ஆனால் பணக்கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் மாவு காரம் ஏறிவிடும். குழந்தைக்குக் கொடுக்கும் மாவு அது! பாக்கெட்டில் இருப்பது மில்லின் பெயரா, நம் குழுவின் பெயரா? அதனால் அரைக்கும்போது நம் உறுப்பினர் ஒருவர் கூட நிற்க வேண்டும். தானியம் பொறுக்குவது, வறுப்பது, அளவு சேர்ப்பது மூன்றையும் நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்குவத்துக்காகத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள்.

நாம் வாங்கும்போது

முந்திரி விஷயம் இன்னும் முக்கியம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும். உடைந்த பருப்புக்கு விலை குறைவு, அதனால் அவசரப்படவும் முடியாது. வேலையை வீட்டுக்கு அனுப்பும் வியாபாரிக்குக் கொட்டகை வாடகை, கரண்ட், வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. எல்லாம் மிச்சம். அந்தச் செலவெல்லாம் நம் திண்ணைக்கு வந்துவிடுகிறது. இதை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

எழுதிப் பாருங்கள். 6 மணி நேரம் உட்கார்ந்தால் 150 ரூபாய் கிடைக்கிறது என்று வையுங்கள். கைக்குப் பூசும் எண்ணெய், விளக்கு, கழிவுக்குப் பிடித்தம் என்று 18 ரூபாய் போனால் மீதி 132. மணிக்கு 22 ரூபாய். பள்ளி விட்டு வந்து மகளும் 2 மணி நேரம் தோல் உரித்தாள் என்றால் மொத்தம் 8 மணி நேரம். அப்போது மணிக்கு 16 ரூபாய் 50 காசுதான். மகளின் படிப்பு நேரத்தையும் சேர்த்துத்தான் அந்த விலைக்குக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில் செய்வதால் நாம் தொழிலாளி இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் பீடி சுற்றுபவர்களும் வைப்பு நிதிச் சட்டப்படி தொழிலாளர்களே என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது, அதுவே அவருடைய கட்டுப்பாடு என்றது. அந்தத் தீர்ப்பு பீடித் தொழிலுக்கானது. ஆனாலும் அதன் நியாயம் எல்லா வீட்டு வேலைக்கும் பொருந்தும் அல்லவா? வீட்டிலிருந்து கூலி வேலை செய்பவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1996-ல் ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது.

குழுவில் செய்ய வேண்டியவை

1. வேலை வாங்கும் முன் எடை, கூலி, கழிவு, பணம் தரும் நாள் நான்கையும் நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

2. தனித்தனியாகப் பேசாதீர்கள். ஒருத்தி கேட்டால் "வேற ஆள் இருக்கு" என்பார்கள். குழுவே சேர்ந்து கேட்டால் பேச உட்காருவார்கள்.

3. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் கூலி பேச வாய் வராது. குழுவில் உள்கடன் எடுத்து முதலில் அதை அடையுங்கள்.

4. ஒரே மில்லையும் ஒரே வியாபாரியையும் நம்பி இருக்காதீர்கள்.

5. தொழிலாளர் நலவாரியத்தில் இன்னும் பதியாத உறுப்பினர்கள் உடனே பதிவு செய்யுங்கள்.

நாம் மில்காரரிடம் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது, பண்ருட்டிச் சகோதரியின் முகத்தையும் நினைத்துக்கொள்வோம். அங்கேயும் யாரோ ஒருவர் நின்று மாவு சலிக்கிறார். வேலை கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கணக்கு நியாயமாக இருக்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, உங்கள் மணிக்கூலி எவ்வளவு என்று எல்லோரும் போட்டுப் பாருங்கள். வரும் தொகையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.