‘அய்ன்’ எழுத்தில் தொடங்கிய அகராதி

‘புதுமை’ என்னும் சொல் காதில் விழுந்ததும் நம்மவருள் சிலருக்குப் ‘பித்அத்’ என்னும் சொல்லே நினைவுக்கு வருகிறது. மார்க்கத்தில் இல்லாத வணக்கத்தை மார்க்கமென நுழைப்பது வேறு. அறிவுத்துறையில் முன்னோர் நடவாத வழியில் சிந்திப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிய, மக்தபில் நம் பிள்ளைகள் ஓதும் முஸ்ஹஃபைத் திறந்து பார்த்தாலே போதும். அதில் காணும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் ஸஹாபாக்கள் காலத்துப் பிரதிகளில் இருந்தவை அல்ல. பஸராவில் வாழ்ந்த மொழியறிஞர் ஒருவர் அமைத்தவை எனவே மரபு கூறுகிறது.

அவர்தாம் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதீ (ரஹ்). ஹிஜ்ரி 100 (கி.பி. 718) அளவில் பிறந்தவர்; இலக்கண மேதை ஸீபவைஹியின் ஆசிரியர். அவருக்கு முன்பு, அபுல் அஸ்வத் அத்துஅலீ வகுத்த முறைப்படி, உயிரொலிகளை வேற்று நிற மையினாலான புள்ளிகளால் குறித்தனர். எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளோடு இவை குழம்பிவிடாதிருக்க இரண்டு மைகள் தேவைப்பட்டன. கலீல் இப்புள்ளிகளை விடுத்து, எழுத்துகளிலிருந்தே குறிகளைப் பெற்றார். சிறிய வாவ் ளம்மா ஆயிற்று. சாய்ந்த அலிஃப் ஃபத்ஹா ஆயிற்று. தொடக்கத்தில் இது கவிதை ஏடுகளுக்குரிய முறையாகவே கருதப்பட்டது. ஹிஜ்ரி 444இல் மறைந்த கிராஅத் மேதை அபூஅம்ர் அத்தானீகூட முஸ்ஹஃபுக்குப் பழைய புள்ளிகளையே விரும்பினார். அந்தத் தயக்கம் பேணுதலால் எழுந்தது. அதை நாம் குறை கூறோம். ஆயினும் காலம் கலீலின் பக்கமே நின்றது.

அவரது சிந்தனையின் போக்கைக் காட்டும் நூல் ‘கிதாபுல் அய்ன்’. அரபு மொழியின் முதல் அகராதி எனப் போற்றப்படுவது இதுவே. அதனை நிறைவு செய்தவர் மாணவர் லைஸ் என்பாரும் உளர். திட்டம் கலீலுடையது என்பதே பெரும்பாலோர் முடிவு. வழக்கமான அலிஃப், பே வரிசையை அவர் ஏற்கவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே அகரத்தை வைத்து ‘அப், அத், அஹ், அஃ’ எனத் தம் வாயாலேயே ஒலித்துப் பார்த்து, ஒலி பிறக்குமிடத்தைக் கண்டறிந்தார். தொண்டையில் பிறக்கும் அய்ன் முதலில் வந்தது. இதழில் பிறக்கும் மீம் முதலியன கடைப்பகுதிக்குச் சென்றன. (நம் தமிழிலும் ககரம் முதல் மகரம் வரை வல்லின மெல்லினங்கள் உள்ளிருந்து இதழ் நோக்கியே வருகின்றன.)

அடுத்து அவர் ஒரு கணக்கை எழுப்பினார். மூன்று எழுத்துகளை இடமாற்றினால் 6 வேர்கள் கிடைக்கும், நான்கெனில் 24, ஐந்தெனில் 120. காஃப், தே, பே மூன்றையும் மாற்றி வைத்தால் ‘எழுதினான்’ எனும் பொருளுடைய ‘கதப’ வரும்; இழிவுபடுத்துதலைக் குறிக்கும் ‘கபத’, அறுத்தலைக் குறிக்கும் ‘பதக’ என்பனவும் வரும். இவ்வாறு கிடைப்பனவற்றுள் அரபியர் வழங்கியது எது, வழங்காதது எது எனப் பிரித்தார். செவிவழி கேட்ட சொற்களை மட்டும் திரட்டியிருந்தால் எது விடுபட்டது என்று அறியவே இயலாது.

யாப்பிலும் இதே முறைதான். அசையும் எழுத்து, அசையா எழுத்து என்னும் இரண்டை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, பழங்கவிதைகளின் ஓசையை 5 வட்டங்களில் அடக்கி 15 பஹ்ருகளைக் கண்டார். வட்டத்தில் தொடங்குமிடத்தை மாற்றினால் பஹ்ரும் மாறும். கவிஞர் எவரும் பாடாத ஓசைகளும் அங்கே பிறக்கும். பதினாறாவதான முததாரிக்கைச் சேர்த்த பெருமை, மரபுப்படி, அல்அக்ஃபஷுக்கு உரியது.

கலீல் ஒரு கவிதை மரபையும் அழிக்கவில்லை. புதிய சொல் ஒன்றையும் திணிக்கவில்லை. இருப்பதை முழுமையாகக் கேட்ட பின்னரே, அதுவரை எவரும் கேளாத கேள்வியைக் கேட்டார். அவரது அகராதி வரிசை தேடுவோர்க்குக் கடினமாக இருந்ததென்பதும் உண்மை. அஸ்ஹரீ அதனைப் பின்பற்றினார். ஜவ்ஹரீயோ வேரின் இறுதி எழுத்தை முதன்மையாக்கித் தமக்கென வேறொரு வரிசை அமைத்தார்.

நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றில் அரூள் பாடம் இன்று பஹ்ருகளின் பெயர்களையும் ஸிஹாஃபுகளின் பெயர்களையும் ஒப்புவிப்பதோடு முடிந்துவிடுகிறது. மனனம் வேண்டாமென நாம் சொல்லவில்லை. மனனமின்றிக் கலீலும் இல்லை. எனினும் ஒரு வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து, “இதிலிருந்து எத்தனை பஹ்ருகள் பிறக்கும், நீங்களே காணுங்கள்” என மாணவரிடம் விட்டுவிட ஒரு பாடவேளை போதும். நேரசை, நிரையசை அறிந்த தமிழ் மாணவர், அவற்றை ஸபப், வதத் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என எழுதி வரட்டும். அவ்விடையை அவர் எந்த ஷரஹிலிருந்தும் பார்த்து எழுதிவிட முடியாது.