காற்றை அளக்கப் போன கோள் கண்ட பனி உருக்கம்

செம்பூரில் ஹார்பர் வண்டியில் ஏறி, மான்குர்த் தாண்டி, தானே உப்பங்கழியின் மேல் உள்ள நீண்ட பாலத்தைக் கடந்தால் வாஷி. அடுத்த நிலையம் சான்பாடா. தினமும் இந்தப் பாலத்தைக் கடக்கும் நம்மவர்கள், சன்னலோரம் இடம் கிடைத்தால், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். மழைக்காலத்தில் அது வேடிக்கைப் பார்வை அல்ல. கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பது 2005 ஜூலை 26-ஆம் தேதியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அன்று சான்டாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது.

இந்த உப்பங்கழித் தண்ணீருக்கும், எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் கிரீன்லாந்துத் தீவின் பனிக்கும் சம்பந்தம் உண்டு. அந்தப் பனி உருகுகிறதா என்று வானத்திலிருந்து கவனிக்கும் வேலையில் நம் நாட்டுச் செயற்கைக் கோள் ஒன்றும் பெயர் வாங்கியிருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கோள்தான் அது.

கடலுக்கென்று போனது

2009 செப்டம்பர் 23-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிப் போன அந்தக் கோளின் பெயர் ஓஷன்சாட்-2. பெயருக்கு ஏற்ப அது சமுத்திரத்துக்காகச் செய்யப்பட்டது. அதிலிருந்த கருவிகளில் ஒன்று ஒருவகை ரேடார். நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு என்று அது அளக்கும். காற்று பலமாக வீசினால் கடலின் மேல் சிற்றலைகள் அதிகமாகும். திரும்பி வரும் அலையும் அதிகமாகும். அதைக்கொண்டு நடுக்கடலில் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுவார்கள். புயல் எங்கே உருவாகிறது என்று அறிய இது உதவும்.

ஆனால் 720 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கும் தெற்குமாகச் சுற்றும் கோள், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு துருவங்களின் பக்கமும் போய்த்தான் ஆகவேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 99 நிமிடம். நாளைக்குப் பதினான்கு சுற்று. நம் தலைக்கு மேல் வெளியூர் வண்டி மாதிரி எப்போதோ வருவது, துருவத்துக்கு மட்டும் லோக்கல் வண்டி மாதிரி அடிக்கடி வந்துபோகும்.

பனி விஷயத்தில் கருவிக்கு வேலை இன்னும் சுலபம். ஜுஹு கடற்கரையில் காய்ந்த மணல் வெளுத்துத் தெரியும், நனைந்த மணல் கறுத்துத் தெரியும் அல்லவா? கிட்டத்தட்ட அப்படித்தான். காய்ந்த பனிக்குள் இறங்கும் நுண்ணலை, பனிப் பரல்களில் பட்டுச் சிதறி நிறையவே திரும்பும். மேற்பரப்பு சிறிது உருகி ஈரமானால் போதும்; ஈரம் அலையை விழுங்கிவிடும், திரும்பி வருவது சட்டென்று குறைந்துபோகும். மேகம் மூடினாலும், ஆறு மாத இருட்டானாலும் இதற்குத் தடையில்லை.

நான்கே நாளில்

2012 ஜூலையில் அமெரிக்காவின் ஜெட் உந்துகை ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி சோன் நியெம், ஓஷன்சாட்-2 அனுப்பிய விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை 12-ஆம் தேதி கிரீன்லாந்து முழுவதுமே ஈரமாக இருப்பதாகக் கருவி சொல்லியது. சாதாரணக் கோடையில் மேற்பரப்பில் பாதி அளவுதான் உருகும். ஆகவே கருவியில்தான் கோளாறோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகப்பட்டது நல்ல வேலைக்காரனுக்கு அழகு.

உடனே மற்றக் கோள்களோடு ஒத்துப் பார்த்தார்கள். கோடார்டு விண்வெளி மையத்தின் டோரதி ஹால், வெப்பத்தை அளக்கும் கோள்களின் விவரங்களைச் சோதித்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் மோட் வேறொரு கோளின் நுண்ணலை அளவைப் பார்த்தார். எல்லாம் ஒன்றையே சொல்லின. ஜூலை 8-இல் 40 சதவீதப் பரப்பில் இருந்த உருக்கம், 12-ஆம் தேதிக்குள் 97 சதவீதத்தை எட்டியிருந்தது. வெப்பக் காற்றுத் திரள் ஒன்று தீவின் மேல் கவிந்து நின்றதே காரணம். 3,200 மீட்டர் உயரத்திலுள்ள உச்சிப் பகுதியிலும் பனி உருகியது. அந்த இடத்தில் அதற்கு முன் அப்படி நடந்தது 1889-இல் என்பதை, துளையிட்டு எடுத்த பனிக்கட்டித் தண்டுகளிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

பனி 97 சதவீதம் கரைந்துபோய்விட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். உருகியது மேல்தோல் மட்டும். அதிலும் ஒரு பகுதி மறுபடி உறைந்துவிட்டது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். 1992 முதல் 2020 வரை அது இழந்த பனியால் உலகக் கடல் மட்டம் உயர்ந்தது சுமார் 13.5 மில்லிமீட்டர்.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் நவி மும்பையின் நிலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1970-களில் சிட்கோ இந்த நகரத்தை எழுப்பத் தொடங்கியபோது பல இடங்கள் கடல் ஏற்றத்துக்கும் கீழே கிடந்த தாழ்நிலம். அதனால் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டி, கழியின் பக்கம் மதகுகள் வைத்தார்கள். கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும்; வற்றும்போது திறந்து, தேங்கிய நீர் வடியும். கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் வடியும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். மில்லிமீட்டர் கணக்கு இங்கே நிமிடக் கணக்காகிவிடுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கிரீன்லாந்துப் பனியின் எடை சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறைந்து, அந்தத் தீவின் கரையில் கடல் இறங்கிப்போகும். தண்ணீர் தூரத்துக் கடல்களுக்கு வந்து சேரும். ஆகவே அந்த உருக்கத்தில் நம் பக்கத்துக்குக் கிடைப்பது உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு!

விட்டுப்போன பக்கங்கள்

2014 பிப்ரவரியில் ஓஷன்சாட்-2-இன் காற்றளக்கும் கருவி நின்றுபோயிற்று. மற்றக் கோள்களுக்கென்று செய்து மிஞ்சிய பாகங்களையும் பயன்படுத்தி ஸ்காட்சாட்-1 என்ற கோளைத் தயாரித்து, 2016 செப்டம்பர் 26-இல் அனுப்பினார்கள். சிக்கனத்துக்குப் பாராட்டலாம், ஆனாலும் இரண்டரை வருடம் நம் பேரேட்டில் பக்கம் காலி. வருடத்துக்கு வருடம் ஒப்பிடத்தான் இந்த அளவை எல்லாம். இடையில் பக்கம் விட்டுப்போன பேரேட்டை எந்தக் கணக்கர் ஒப்புக்கொள்வார்?

ஸ்காட்சாட்-1-உம் 2021 பிப்ரவரியோடு நின்றது. அதே வருடம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி, கிரீன்லாந்தின் உச்சியில் பல மணி நேரம் மழை பெய்தது. பனியல்ல, மழை. அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு முன் மழை பெய்ததாகக் குறிப்பே இல்லை. அளக்க மழைமானியும் வைத்திருக்கவில்லை. அன்று 8,72,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பனி உருகியதை மற்ற நாட்டுக் கோள்கள்தான் பதிந்துகொண்டன. ஓஷன்சாட் வரிசையின் மூன்றாவது கோள், காற்றளக்கும் கருவியோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2022 நவம்பர் 26-இல்.