இணையக் கடை: தேடுவோர் கண்ணில் படச் செய்வது எப்படி?

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல், வேர்க்கடலை, பயறு வகைகள், காய்கறி, மா, மலர் ஆகியன பயிரிடப்படுகின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை மாநகரம் சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கின்றனர். வாங்குவோர் இவ்வளவு அருகில் இருந்தும், விளைபொருளுக்கு விலை சொல்பவர் பெரும்பாலும் வியாபாரியே. எனவே மரச்செக்கு எண்ணெய், அரிசி, மசாலாப் பொடி போன்றவற்றை இணையக் கடை மூலம் நேரடியாக விற்க உழவர்கள் சிலர் முன்வருகின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் கடை திறந்தால் மட்டும் போதாது. தேடுபவர் கண்ணில் அது பட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உழவர் குழு ஒன்று பணம் கொடுத்து இணையக் கடை அமைத்தது. நான்கு மாதமாகியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. கடையின் பெயரையே கூகுளில் தட்டிப் பார்த்தும் கடை வரவில்லை. ஆராய்ந்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன. தளத்தைக் கட்டும்போது போடப்பட்ட 'பட்டியலில் சேர்க்க வேண்டாம்' என்னும் குறி நீக்கப்படாமலே இருந்தது. மேலும் பொருளின் பெயர், விலை, எடை யாவும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. இரண்டும் எளிதில் திருத்தக்கூடியவை. ஆயினும் நான்கு மாத விற்பனை போனது போனதுதான்.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

கூகுள் போன்ற தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், அதன் கணினி நிரல் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவிப் பக்கங்களைப் பார்வையிடுகிறது. அடுத்து, படித்ததைப் பதிவேட்டில் ஏற்றுகிறது. கிராமக் கணக்கில் நிலம் பதிவாவது போல் இதைக் கொள்ளலாம். கடைசியாக, ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது பதிவேட்டிலிருந்து பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. பதிவேட்டில் ஏறாத பக்கம் வரிசையில் வராது.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. வாங்குபவர் சொல்லை எழுதுக: நாம் மல்லாட்டை என்போம், சென்னைக்காரர் வேர்க்கடலை என்று தேடுவார். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.எம். 9 நமக்குத் தெரிந்த ரகம்; நகரத்தார் தேடுவதோ 'சிவப்பரிசி'. பக்கத்தின் தலைப்பில் வாங்குபவர் சொல்லையும், விவரத்தில் நம் சொல்லையும் ரகப் பெயரையும் சேர்த்து எழுதலாம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்புவது கூடாது. அது தேடுபொறியின் விதிகளுக்கு முரணானது.

2. குறுகிய இடத்தைப் பிடிக்கவும்: 'கடலை எண்ணெய்' என்னும் பொதுச் சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களுடன் சிறு உழவர் போட்டியிட இயலாது. 'கும்மிடிப்பூண்டி மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர்' எனத் தேடுபவர் சிலரே. ஆனால் அவர் வாங்கும் எண்ணத்துடன் வருபவர்.

3. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்: எல்லாப் பொருள்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கமும் தனித் தலைப்பும் தேவை. விவரத்தைப் பிறர் தளத்திலிருந்து நகல் எடுக்காமல் நீங்களே எழுதவும். கடலையை எந்த மாதம் அறுவடை செய்தீர்கள், ஈரப்பதம் 8 சதத்துக்கு வரும்வரை காயை எப்படி உலர்த்தினீர்கள், எண்ணெய் எந்த நாளில் ஆட்டியது என்ற செய்திகள் உங்களிடம் மட்டுமே உள்ளவை. வாங்குபவர் நம்புவதும் இவற்றைத்தான். நிகர எடை, விலை, அனுப்பும் கட்டணம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவற்றைத் தவறாமல் குறிக்கவும்.

4. படங்களைச் சிறிதாக்கவும்: கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிவது நல்ல அளவு என்று கூகுள் கூறுகிறது. படத்தைச் சுருக்கி ஏற்றவும். படத்தில் இருப்பது என்ன என்பதை அதற்கென உள்ள மாற்று உரைக் கட்டத்தில் ஒரு வரியில் எழுதவும்.

5. கைப்பேசியில் சோதிக்கவும்: கூகுள் இப்போது பக்கத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. எழுத்து சிறிதாக இருத்தல், 'வாங்கு' பொத்தான் விரலுக்கு எட்டாமல் இருத்தல் போன்ற குறைகளை விலை குறைந்த கைப்பேசி ஒன்றிலேயே பார்த்துத் திருத்தலாம்.

6. வழி விடுக: முகப்பிலிருந்து பொருள் வகைக்கும், வகையிலிருந்து பொருளுக்கும் இணைப்பு இருக்க வேண்டும். எந்தப் பக்கத்துக்கும் இணைப்பு இல்லாமல் விட்டுவிடக் கூடாது. எல்லாப் பக்கங்களின் முகவரிகளும் அடங்கிய தள வரைபடத்தையும் தேடுபொறிக்குத் தரலாம். விலை, இருப்பு ஆகியவற்றை நிரல் புரிந்துகொள்ளும் வடிவில் குறிக்கும் முறையும் உண்டு. கடை அமைப்பவரிடம் இதைக் கேட்டுப் பெறவும்.

7. பருவம் முடிந்தாலும் பக்கத்தை அழிக்க வேண்டாம்: மாம்பழப் பருவம் முடிந்ததும் சிலர் அப்பக்கத்தை நீக்கிவிட்டு மறு ஆண்டு புதிய முகவரியில் தொடங்குகின்றனர். இதனால் முன்பு பெற்ற இடம் வீணாகிறது. அதே முகவரியை வைத்துக்கொண்டு, 'இருப்பு இல்லை, அடுத்த பருவத்தில் கிடைக்கும்' என எழுதுவதே நன்று.

ஏமாற வேண்டாம்

'மாதம் இவ்வளவு கொடுங்கள், முதலிடம் நிச்சயம்' என்று தொலைபேசியில் அழைப்போர் உண்டு. முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர இயலாது என்று கூகுளே தெரிவித்துள்ளது. விளம்பரத்துக்குக் கட்டணம் உண்டே தவிர, இயல்பான வரிசையில் இடம் பெறக் கூகுள் பணம் வாங்குவதில்லை. காசுக்கு இணைப்புகளை வாங்கி உயர முயன்றால் உள்ள இடமும் பறிபோகலாம். நேர்மையாகச் செய்த திருத்தங்களுக்கும் பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும்.

மற்றொரு எச்சரிக்கை. தளத்தின் முகவரிப் பெயரை உங்கள் பெயரிலோ குழுவின் பெயரிலோ பதிவு செய்யவும். கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். கட்டிக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், பிறர் பட்டாவில் வீடு கட்டியதற்கு ஒப்பாகும்.

கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்னும் இலவச வசதியில் எந்தப் பக்கம் பதிவேட்டில் ஏறியது, எந்தச் சொல்லைத் தேடி மக்கள் வந்தனர் என்பதைக் காணலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தோட்டத்துக்கு நேரில் வந்து வாங்குவோர் இருப்பின், கூகுள் வரைபடத்தில் உங்கள் விற்பனை இடத்தை இலவசமாகப் பதிவு செய்யலாம்.

யாருக்கு ஏற்றது?

கீரை, கத்தரி, வெண்டை போன்று விரைவில் வாடும் பொருள்களுக்கு அருகிலுள்ள சந்தையே ஏற்றது. எண்ணெய், அரிசி, பருப்பு, பொடி போன்று பல நாள் தாங்கும் பொருள்களுக்கே இணையக் கடை பயன் தரும். ஒவ்வொருவரும் தனித்தனியே கடை வைப்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடையை நடத்தினால் செலவு குறையும், பொருள்களும் கூடும்.

பொருளைப் பக்குவப்படுத்துதல், மதிப்புக் கூட்டுதல் குறித்த ஐயங்களுக்குத் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். கடை வைத்திருப்போர் இன்றே தங்கள் கடைப் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்க்கவும். வரவில்லையெனில் முதலில் அக்குறையை நீக்கிவிட்டு, பின்னர் மற்ற முறைகளைக் கைக்கொண்டு பயன் பெறலாம்.